டெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றவர்

“...வேண்டாம்னு சொன்னேன்தான், யாரு இல்லேன்னா? என் வாயாலதான் சொன்னேன். ஆனா நான் சொல்றப்ப எனக்குப் பக்கத்துல யாரு நின்னான்னு நீங்க கேட்டீங்களா, தம்பி?”

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. கோல சிலாங்கூர் பழைய டவுனில், காப்பிக்கடைக்கு மேலே இருந்த என் ஒற்றை அறை ஆபீசில் நின்றுகொண்டு இதைக் கேட்டவர் அஞ்சலை. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். வயது நாற்பது இருக்கும். உட்காருங்கள் என்று சொன்னேன். அவர் உட்காரவில்லை. இன்னும் முக்கால் மணி நேரத்தில் அவருக்குக் குலுக்கலில் விழுந்த வீடு வேறொருவர் பெயருக்குப் போய்விடும். அப்படிப் போகவைத்தவன் நான். அதற்குக் கருவியாக இருந்தது என் மேசைமேல் இருந்த கறுப்பு டெலிபோன்.

கேள்வி கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த டெலிபோனைப் பற்றியும் அதைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு முட்டாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

வீடு விற்கிற, வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்கள் சங்க மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னீர்கள். கேட்டதும் போனில்தான். பின்னால் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள் என்பதும் தெரிந்தது. ஏனென்றால் நான் சொன்ன ஒரு சாதாரண நகைச்சுவைக்கு நாலு பேர் சிரித்தார்கள். பரவாயில்லை. சிரித்த நாலு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். மிச்சத்தை ஜனங்கள் பேசக் கேட்டுப் படித்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து, லோரிக்கு அட்டெண்டண்டாகப் போய், ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், வந்து சேர்ந்தேன். அவருக்குக் கிள்ளானில் தலைமை ஆபீஸ். கோல சிலாங்கூர் பக்கத்தில் இருபது முப்பது கடைவீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். விற்பனைக்கு வருகிற தோட்டத்து நிலங்களை வாங்கித் தாமான் என்கிற குடியிருப்பு கட்டுவதும் அவர் வேலை. அவருக்கு இந்தப் பக்கத்து ஆளாக என்னைப் போட்டார். வேலையில் சேர்ந்த அன்று மேசையைக் காட்டினார், டெலிபோனைக் காட்டினார். பிறகு ஒன்று சொன்னார்: “மணியம், போன் இல்லாதவனுக்குத்தான் கால் வேணும்.”

இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தவுக்கேயின் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் பெட்ரோல் காசு மிச்சம் பிடிக்கிற எண்ணம் இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

டெலிபோன் வந்ததும் எனக்கு ஒரு குரல் வந்தது. வீட்டில் இருக்கும் குரல் வேறு, இது வேறு. கொஞ்சம் கீழே இறக்கி, மூக்கிலிருந்து கொஞ்சம் கலந்து, “ஹலோ... யெஸ்...” என்று இழுப்பேன். ஒரு நாள் என் மனைவி ஏதோ அவசரத்துக்கு ஆபீசுக்குப் போன் செய்தாள். என் ஹலோவைக் கேட்டுவிட்டு, “மன்னிச்சுக்குங்க சார், ராங் நம்பர்” என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தாள். மறுபடியும் மன்னிப்புக் கேட்டு வைத்தாள். மூன்றாவது தடவை கீழே காப்பிக்கடைக்கு அடித்து, “மேல மணியம்னு ஒருத்தர் இருப்பாரு, அவர கூப்பிடுங்க. அவரு ஆபீசுல யாரோ வெள்ளைக்காரன் உக்காந்திருக்கான்” என்றாளாம்.

தவுக்கே கூப்பிட்டால் இன்னும் மோசம். அவர் குரல் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். சட்டையின் மேல் பொத்தானைப் போடுவேன். அவர் இருப்பது கிள்ளானில், நான் நிற்பது கோல சிலாங்கூரில். ஆனாலும் நிற்பேன். பேசி முடிக்கும் வரை நின்று, ரிசீவரை வைத்த பிறகுதான் உட்காருவேன். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை. கடைசியில் இது தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

கடைவீடுகளை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டேன். எங்கள் கடைவீடு ஒன்றில் கோவிந்தசாமி என்று ஒரு தையல்காரர் இருந்தார். பேசினாலே அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்போல் இருக்கும். மழைக்காலத்தில் அவர் கடைக் கூரை ஒழுகியது. போன் செய்தார். நாளைக்கு ஆள் வரும் என்றேன். மறுநாளும் செய்தார். நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் அவர் ஒன்றும் பேசவில்லை. ரிசீவரில் ‘டொக், டொக்’ என்று மட்டும் கேட்டது.

“ஹலோ? ஹலோ? யாரு?”

“நான் பேசல சார்,” என்று தூரத்திலிருந்து கோவிந்தசாமியின் குரல் வந்தது. “வாளி பேசுது. நான் பேசினா நீங்க நம்பல. அதான் அதையே பேசச் சொன்னேன்.”

ரிசீவரை வாளிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “நேர்ல வந்து பாத்துதான் முடிவு பண்ணணும், கோவிந்தசாமி. நேரம் கிடைக்கட்டும்” என்றேன்.

“நேரம் வேணாம் சார். எந்திரிச்சு ஜன்னலத் தெறந்து எட்டிப் பாருங்க. எதுத்தாப்புல நாலாவது கட. நான் கைய ஆட்டுறேன்.”

எட்டிப் பார்த்தேன். ஆட்டினார். இன்னொரு கையில் ரிசீவர் இருந்தது. தலையில் சட்டைத்துணி ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ஆள் போய்க் கூரையைச் சரி செய்தான். எனக்கும் அன்று பெரிய ஞானம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். போனில் பேசுகிற ஆளை மட்டும் கேட்காதே, அவரைச் சுற்றி என்ன சத்தம் என்றும் கேள். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேன். ஆறு மாதம் கழித்து, அந்த ஞானம் தேவைப்பட்ட ஒரே நாளில், அதை மடித்து மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

அஞ்சலையின் தோட்டத்தைத் தவுக்கே வாங்கினார். லயங்களை இடிக்கப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுக்க முடியாது, தாமானின் ஒரு வரிசையில் பதினாலு வீடுகளைத் தோட்டத்து ஆட்களுக்கு மலிவு விலையில் தருகிறேன் என்று பேச்சு. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பதினாலாவது வீடு அஞ்சலைக்கு விழுந்தது. அது மூலை வீடு. பக்கவாட்டில் ஒரு பட்டை நிலம் கூடுதலாகக் கிடைக்கும். விலையில் வித்தியாசம் இல்லை. அதனால் அந்த வரிசையில் எல்லார் கண்ணும் அதன் மேல்தான்.

குலுக்கலில் விழுந்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா இல்லையா என்று வாய்மொழியாகக் கேட்டு, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிள்ளானுக்குப் போனில் பட்டியலைப் படித்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவரின் வீடு காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயருக்குப் போகும். நேரில் போய்க் கேட்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “போன் இருக்குல்ல?” என்றார் தவுக்கே. வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் எத்தனை டெலிபோன் என்று நினைக்கிறீர்கள்? ஆபீசில் ஒன்று. துரை பங்களாவில் ஒன்று. அதில் துரை தவிர வேறு யாரும் பேசக்கூடாது. ஆபீசில் இருப்பது பெரிய கிராணியின் மேசையில் இருக்கும். பெரிய கிராணி என்றால் தலைமைக் குமாஸ்தா. துரைக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே மனுஷர் இவர். அதனால் தோட்டத்தில் நடப்பதெல்லாம் அவர் தொண்டை வழியாகத்தான் போய் வரும்.

லயத்துக்கு ஒருவருக்குப் போன் வந்தால் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டிலேயே கிராணி சொல்லிவிடுவார்: “அஞ்சல, பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துரு, ஒனக்குப் போன் வருது.” தோட்டத்துக்குப் போன் வந்தால் அது பெரும்பாலும் சாவுச் செய்தி. அதனால் நான் பதினாலு பேருக்கு வீடு விழுந்த நல்ல செய்தி சொல்லப் போன் செய்தபோது மூன்று பேர் நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மா, “எங்கண்ணனா, சித்தப்பனா, அத மட்டும் சொல்லிரு” என்றார். நான் வீடு என்றதும், “வீட்டுல யாரு?” என்றார். ஒருவழியாகப் புரியவைத்தேன்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும். கிராணியின் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றபடி பேச வேண்டும். ரிசீவரின் சுருள் கம்பி ஒரு முழம் நீளாது. அதனால் பேசுகிறவர் கிராணியின் முகத்துக்கு நேராகக் குனிந்துதான் பேச முடியும். எனக்கு இதெல்லாம் தெரியும். பன்னிரண்டு வயதில் என் அப்பாவோடு இன்னொரு தோட்டத்து ஆபீசில் அப்படி நின்றிருக்கிறேன். அப்பா அன்று போனில் என்ன பேச நினைத்தாரோ அதைப் பேசவில்லை. திரும்பி வருகிற வழியில்தான் எல்லாவற்றையும் மரத்திடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். பெரிய கிராணிகள் எப்போதும் டைப் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டே விரலால், காலையிலிருந்து மாலை வரை. அப்படி என்னதான் அடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. லயத்துப் பிள்ளைகள் எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை பயம் இல்லை. நின்றால்தான் பயம். நின்றது என்றால் கிராணி யாரையோ பார்க்கிறார் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்தேன். பெரிய கிராணி எடுத்தார். “நில்லுங்க, வந்திருக்கா, குடுக்குறேன்,” என்றார். டைப்ரைட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் தவுக்கே ஆபீசுலருந்து மணியம் பேசுறேன்,” என்றேன், என் வெள்ளைக்காரக் குரலில். “பதினாலாம் நம்பர் வீடு உங்களுக்கு விழுந்திருக்கு. மூல வீடு. எடுத்துக்கிறீங்களா?”

டைப்ரைட்டர் நின்றது.

எனக்கு அது நன்றாகவே கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. அடித்துக்கொண்டிருந்த வரியின் நடுவில் நின்றது. ஒரு தாள் நகர்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

“வேண்டாங்க,” என்றார் அஞ்சலை.

“நல்லா யோசிச்சிட்டீங்களா?”

“வேண்டாங்க.”

“சரிக்கா.” வைத்துவிட்டேன். பட்டியலில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘விருப்பமில்லை’ என்று எழுதினேன். அழகாக எழுதினேன். பாவம், மூலை வீட்டின் மதிப்புத் தெரியாத ஜனம் என்று ஒரு பெருமூச்சும் விட்டேன். என்னைப் போல் லயத்தை விட்டு வெளியே வந்திருந்தால்தானே தெரியும்!

ஐந்து நிமிஷத்தில் பெரிய கிராணியே கூப்பிட்டார். “பதினாலு வேணாம்னுட்டாளாமே? அப்ப அடுத்த ஆளு யாரு?”

பட்டியலைப் பார்த்துக் காப்பார் ஊரில் இருக்கிற ஒருவரின் பெயரைச் சொன்னேன்.

“அடடே!” என்றார் கிராணி. “நம்ம மச்சான்லா அது! எனக்கே தெரியாது, பாரேன்.”

அந்தக் காத்திருப்போர் பட்டியலை டைப் அடித்தவரே அவர்தான். நான் வாழ்த்துச் சொன்னேன். ஆமாம், வாழ்த்துச் சொன்னேன். பதினாலாம் நம்பர் வேண்டாமாம் என்று அன்றே தவுக்கேயிடமும் போனில் சொல்லிவிட்டேன். நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். ஆனால் உங்களில் ஒருவர் போன மாதம் புஞ்சாக் ஆலாமில் ஒரு அடுக்குமாடி வீட்டை, குடியிருந்த அம்மாவின் மகனிடம் போனில் பேசியே காலி செய்ய வைத்தது எனக்குத் தெரியும். அந்த அம்மா என்ன சொன்னார் என்று யாராவது கேட்டீர்களா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன்.

“யாரு நின்னான்னு கேட்டீங்களா, தம்பி?” என்று அஞ்சலை கேட்டதும் எனக்கு அந்த டைப்ரைட்டர் நின்ற சத்தம் காதில் விழுந்தது. ஆனாலும் எனக்குள் இருந்த வெள்ளைக்காரன் சும்மா விடுவானா?

“அக்கா, கிராணி உங்கள மெரட்டினாரா?”

“மெரட்டுவாரா? அவரு பெரிய மனுஷன். ஒரு வார்த்த சொல்லல.” அவர் தன் வலது கையை என் மேசைமேல் விரித்து வைத்தார். உழைப்பில் காய்த்த கை. “எங்க வீட்டுக்காரருக்கு தோட்டத்து அடுத்த டிவிஷன்ல லோரி வேல போட்டுக் குடுத்திருக்காங்க. அந்தக் கடுதாசி கிராணி கையிலதான் இருந்துச்சு. நான் போன எடுத்ததும் டைப் அடிக்கிறத நிறுத்திட்டு, அந்தக் கடுதாசிய எடுத்து மேசமேல வச்சு, இப்படிக் கைய வச்சாரு. அவ்ளோதான். என்னப் பாக்கக்கூட இல்ல.”

“அத அப்பவே எங்கிட்ட...”

“அவரு போனுல, அவரு மூஞ்சிக்கு முன்னால, அவரப் பத்தியா?” என்றார். பிறகு, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவரைப் போல் சாதாரணமாகச் சொன்னார்: “இன்னிக்குக் காலையில பெரட்டுல கடுதாசி எங்காளு கைக்கு வந்துருச்சு. மடிச்சு எங்கிட்ட குடுத்தாரு. மொத பஸ்ஸுக்கு வந்துட்டேன். வீட்டத் திருப்பிக் குடுங்க.”

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு, தன் புருஷனின் வேலையைக் காப்பாற்றிவிட்டு, இப்போது வீட்டைக் கேட்டு வந்திருக்கிறார். எங்கள் தொழிலில் இத்தனை நிதானமாகக் காய் நகர்த்திய ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ‘நீங்களே வேண்டாம்னு சொன்னீங்கக்கா, இனிமே ஒண்ணும் செய்ய முடியாது’ என்று சொல்லிவிடலாம். சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை. இல்லாவிட்டால் தவுக்கேயிடம் போய் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். நான் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். கோழைகளுக்கு எப்போதும் மூன்றாவது வழி ஒன்று கிடைக்கும். “இருங்கக்கா, எதுக்கும் தோட்டத்துல ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, யாரைப் பற்றிப் புகாரோ அந்தக் கிராணிக்கே போன் செய்தேன்!

அஞ்சலை என் விரல் ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராணி எடுத்தார். “பெரிய கிராணி, பதினாலாம் நம்பர் விஷயமா...” என்று ஆரம்பித்தேன். டைப்ரைட்டர் நின்றது.

“ஒம் பக்கத்துல யாரும் இருக்காங்களா?” என்றார் அவர்.

பாருங்கள், முதல் கேள்வியே அதுதான். இரண்டு நாளாக என் மூளைக்கு எட்டாத கேள்வி அவர் வாயில் தயாராக இருந்தது. டெலிபோன் எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் அதோடு பிறந்தவர்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“யாருமில்லீங்க,” என்றேன்.

என் வாழ்க்கையில் போனில் நான் சொன்ன நல்ல பொய் அது ஒன்றுதான். அதுவும் யோசித்துச் சொன்னதல்ல, பயத்தில் வந்தது.

“அப்ப சரி,” என்று கிராணியின் குரல் நிம்மதியானது. பழைய ரிசீவர்களில் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். “அவ வந்து ஏதாவது ஒப்பாரி வச்சா காதுல போட்டுக்காத. ஒரு கைய வச்சேன், வாய மூடிக்கிட்டா. அவளுக்கெல்லாம் எதுக்குப்பா மூல வீடு? பழம் பொறுக்குறவ மூலையில ஒக்காந்து என்னா செய்யப் போறா? மச்சான் அங்க மளிகக் கட போடப் போறான். ஒனக்கும் ஏதாச்சும் பாத்துச் செய்வான். பட்டியல அப்படியே படிச்சிரு, என்ன?”

“ம்,” என்று வைத்தேன். என் காது சுட்டது.

“இப்ப காது கேட்டுச்சா?” என்றார் அஞ்சலை. அவ்வளவுதான் சொன்னார். பதினொன்று நாற்பது.

கிள்ளானுக்குப் போன் போட்டேன். தவுக்கேயே எடுத்தார். நான் எழுந்து நின்றேன். பொத்தானைப் போட்டேன். அஞ்சலை இதையும் பார்த்தார்.

“பாஸ், பதினாலாம் நம்பர்ல ஒரு சின்ன மாற்றம்...” நாங்கள் பேசியது பாதி இங்கிலீஷ், பாதி மலாய். தமிழில் தருகிறேன்.

“என்ன மாற்றம்? அந்த அம்மா வேண்டாம்னாள்னு வியாழக்கிழமை நீதானே சொன்னே?”

“யெஸ் பாஸ். இப்ப வேணும்கிறாங்க, பாஸ்.”

“வியாழக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை வேணும். நீ என்ன மேசை ஃபேனா? இந்தப் பக்கம் ஒரு காத்து, அந்தப் பக்கம் ஒரு காத்து?”

“நோ பாஸ். அன்னிக்கு நான் சரியா விசாரிக்காம...”

“சரியா விசாரிக்காமலா பட்டியல் எழுதினே?”

இங்கேதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம், என் தப்பு, கிராணி அவர் வாயை அடைத்துவிட்டார், நான் என் காதால் கேட்டேன் என்று மூன்றே வாக்கியம். மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். தவுக்கேயின் மூச்சு ரிசீவரில் உரசியது. சொல்வதற்குப் பதிலாக மேல் பொத்தானைத் தடவிப் பார்த்தேன்.

“அந்தப் பட்டியலை அப்படியே விடு, மணியம். கிராணிகிட்ட எனக்கு இன்னும் வேலை இருக்கு. லயம் காலி பண்ற வரைக்கும் அவன் நமக்கு வேணும். புரியுதா?”

“யெஸ் பாஸ்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. வியாழக்கிழமை அந்தப் பக்கத்தில் கேட்ட ‘வேண்டாங்க’ என்ன குரலோ, அதே குரல். அவருக்காவது பக்கத்தில் ஒரு ஆள் நின்றார். மேசைமேல் ஒரு கை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? பொத்தான் போட்ட சட்டைதான்.

அஞ்சலை மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். என் கையிலிருந்து ரிசீவரை எடுத்தார். பிடுங்கவில்லை. சின்னப் பிள்ளை கையிலிருந்து கத்தியை எடுப்பதுபோல், மெதுவாக எடுத்தார்.

“தவுக்கே, சாயா அஞ்சலை,” என்றார் மலாயில். “ரூமா எம்பாட் பெலாஸ் இத்து சாயா பூன்யா.” பதினாலாம் நம்பர் வீடு என்னுடையது. சந்தையில் மீன் வாங்குகிற மலாய்தான். ஆனால் அந்த அறையில் அதுவரை பேசப்பட்ட எந்தப் பாஷையும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அந்தப் பக்கம் தவுக்கே ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை. அஞ்சலை ரிசீவரைத் தன் காதோடு நன்றாக அழுத்திப் பிடித்திருந்தார். அதே மலாயில் அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது; அதையும் தமிழில் தருகிறேன்.

“அன்னிக்கு என் பக்கத்துல கிராணி நின்னாரு. எங்க வீட்டுக்காரர் வேலைக் கடுதாசி மேல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. அதனால வேண்டாம்னேன். இன்னிக்குக் கடுதாசி எங்கிட்ட இருக்கு. வேணும்கிறேன். ரெண்டு நாள்ல நான் மாறல, தவுக்கே. பக்கத்துல நின்ன ஆளு மாறிட்டாரு.”

அந்தப் பக்கம் தவுக்கே என்னைப் பற்றி ஏதோ கேட்டார் போலிருக்கிறது.

“இவரா? இவரு இருக்காரு. பாவம், நின்னுக்கிட்டிருக்காரு. இவரு எனக்குப் பயப்படல, உங்களுக்குப் பயப்படறாரு. அதனால இவரக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.”

பிறகு அஞ்சலை கேட்டார்: “தவுக்கே, உங்க பக்கத்துல யாரு நிக்கிறா?”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. கீழே காப்பிக்கடையில் யாரோ கரண்டியால் தம்ளரைக் கலக்குகிற சத்தம் கேட்டது.

“யாரும் இல்லியா?” என்றார் அஞ்சலை. “அப்ப நல்லதாப் போச்சு. நீங்களாச்சும் உங்க மனசுல இருக்கறதச் சொல்லலாம். சொல்லுங்க, கேக்குறேன்.”

தவுக்கே சொல்வதை அவர் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டினார். “சரி. சரி, தவுக்கே. கார்டு திங்கக்கெழமையா? ஏன், இப்பவே இருக்கே.” ரிசீவரை என்னிடம் தரவில்லை. தானே அதன் இடத்தில் வைத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த தன் அடையாளக் கார்டை எடுத்து, என் பட்டியலில் நான் சிவப்பு மையால் போட்டிருந்த கோட்டின் மேல் வைத்தார்.

“கிராணி மச்சான் பேர அடிச்சிட்டு எம்பேர எழுதச் சொல்றாரு,” என்றார். “எழுதுங்க.”

நான் பேனாவைத் தேடினேன். இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தேன். மேல் பொத்தானும் போட்டபடியே இருந்தது. எனக்குப் பின்னால் என் நாற்காலி காலியாக இருந்தது. அஞ்சலை அதைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.